அடைப்புக்குறிக்குள் அவள் பெயர்

நான் எழுதிய அத்தியாயம் என் முகத்திலேயே வந்து விழுந்தது. ஸ்பைரல் கம்பி உதட்டைக் கிழித்தது. எறிந்தவர் என் ஆய்வு நெறியாளர், பொங்கலூர்ப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்கம்மா, இதெல்லாம் யாரு சொன்னதுங்க? எந்த வருசம் சொன்னாங்க? பேரும் இல்ல, வருசமும் இல்ல. நீங்களா கட்டுன கதைங்களா இது?"

எங்கள் கொங்குப் பக்கத்தில் அடித்தாலும் மரியாதை குறையாமல்தான் அடிப்பார்கள். உதட்டைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆத்திரத்தில் அவர் அறைக் கதவை நான் சாத்திய சாத்தில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

பனியன் கம்பெனிகளில் பெண்கள் மீது விழும் அடியைப் பற்றியது என் ஆய்வு. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் அதைச் சொன்னவரின் பெயரையும் வருடத்தையும் அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். முழு விவரம் கடைசிப் பட்டியலில் வரும். அதிலும் குடும்பப் பெயர்தான் முதலில் நிற்க வேண்டும் என்பது விதி. நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. அந்த ஒற்றை எழுத்தை விரித்து, அப்பா பெயரை முன்னால் நிறுத்துவது எங்கள் கல்லூரியில் வழக்கம்.

புத்தகங்களுக்கு அப்படிப் போட்டதில் பிழையில்லை. 'பேர் வேணுமா, இந்தா பிடி' என்ற வீம்பில், என்னிடம் வாய்மொழியாகச் சொன்னவர்களுக்கும் அதையே போட்டேன். ஒருவரையும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர்களில் ஒருத்தி வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் பிழை பார்க்கும் செக்கிங் பிரிவில் இருந்தாள். தெற்கே கடலோர ஊரிலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், ஆனாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அவர்களுடைய லைன் சூப்பர்வைசர், தையல் கோணியதற்காக ஒரு பெண்ணின் விரல் முட்டிகளில் இரும்பு ஸ்கேலால் அடித்ததை அவள் நேரில் பார்த்திருந்தாள்.

"வெள்ளை பனியன்ல ரத்தம் சொட்டிருச்சி டீச்சர். ரத்தம் பட்ட பீஸ ஒதுக்கி வைன்னு என்கிட்ட சொன்னான். புள்ள கையப் பாக்க ஒரு ஆளு இல்ல."

இதை அப்படியே எழுதி, பக்கத்தில் அவள் அப்பா பெயர், அவள் பெயர், வருடம் என்று அடைப்புக்குறிக்குள் அடைத்தேன். அவள் பெயரில் அந்தக் கம்பெனியிலேயே ஏழெட்டுப் பேர் உண்டு. அதோடு விட்டிருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்காது. அப்பா பெயரோ அங்கே வேறு யாருக்கும் கிடையாது.

கல்லூரிக் கருத்தரங்கில் அந்த அத்தியாயத்தை வாசித்தேன். வந்திருந்த கம்பெனி மேனேஜர் ஒருவர் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் எழுத்தையும் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறாரே என்று பூரித்துப்போனேன்.

அவர் அவள் கம்பெனிக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. நாலாம் நாள் டீ நேரம் முடிந்ததும் அந்த சூப்பர்வைசர் அதே பிரதியோடு செக்கிங் டேபிளுக்கு வந்திருக்கிறான். "ஏனுங்க, இது உங்க பேருதானுங்களா?" என்று கேட்டானாம். அவள் ஆமாம் என்றதும் இரும்புக் குழாயை எடுத்திருக்கிறான். முதல் அடி தோளில். தடுக்கப் போன இடது மணிக்கட்டு முறிந்தது. கீழே விழுந்தவளின் வாயில் மிதித்தான், முன்பல் இரண்டு போயின. அத்தனை பேர் நின்றிருந்தும் ஒருவரும் தடுக்கவில்லை, மிஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அரசு மருத்துவமனையில் வீங்கிக் கிடந்த அவள் முகத்தைப் பார்த்தேன். நேராக நெறியாளரிடம் போனேன். அவர் மேசைக் கண்ணாடியின் மீது காகிதக் கல்லை ஓங்கிப் போட்டேன். கண்ணாடி நொறுங்கி அவர் புறங்கையிலும் ரத்தம் வந்தது.

"பேரு இல்லைன்னு எறிஞ்சீங்களே, இப்பப் போய்ப் பாருங்க, பேரு எப்படிக் கெடக்குதுன்னு."

கைக்குட்டையால் கையைக் கட்டிக்கொண்டார். "அந்தப் பேர எடுத்துருங்கம்மா. அதுக்குப் பதிலா தொழிலாளி ஏழுன்னு போட்டுக்கலாமுங்க" என்றார்.

அன்றே எல்லாப் பக்கங்களிலும் அவள் பெயரை அழித்தேன். புதிய பிரதியை எடுத்துக்கொண்டு, பாவமன்னிப்பு கிடைத்தவளைப் போல அவளிடம் ஓடினேன். இனி பயமில்லை, உன் பெயர் எங்கும் இல்லை என்றேன்.

நல்ல கையால் பளாரென்று அறைந்தாள். என் காது அடைத்துக்கொண்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, போடும்போதும் என்னக் கேக்கல, எடுக்கும்போதும் கேக்கல. நீ யாரு? நான் கேஸ் குடுத்திருக்கேன். ஸ்டேஷன்ல அவன், 'இவள எதுக்குங்க நான் அடிக்கணும்'ங்கான். அந்தப் புஸ்தகத்துல என் பேரு இருந்ததுக்குத்தான அடிச்சான்? அதையும் அழிச்சிட்டு வந்தா நான் என்னத்தக் காட்டுவேன்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. உதட்டுத் தையலில் ரத்தம் கசிந்தது. திருப்பிப் போடுகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"போடு. எங்கய்யா பேரு மட்டும் வேண்டாம். அந்தாளும் எங்கம்மைய இப்படித்தான் மிதிச்சாரு. நான் வாங்குன அடிக்கு முன்னால அவரு பேரு நிக்கக் கூடாது."

அவள் சொன்னபடியே போட்டேன். போலீஸ் வந்து பழைய பிரதியையும் புதியதையும் வாங்கிக்கொண்டு போனது. ஆய்வேட்டைத் திருத்திய புறத்தேர்வாளர் கடைசிப் பட்டியலில் அந்த ஒற்றைப் பெயரைச் சிவப்பு மையால் சுழித்து, குடும்பப் பெயர் எங்கே என்று ஓரத்தில் கேட்டிருந்தார். பட்டம் தள்ளிப்போனாலும் போகட்டும் என்று, நான் பதிலும் எழுதாமல், பெயரையும் மாற்றாமல் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினேன்.