தேரன்று நான் வைத்த பெயர்

ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவனால் மூன்று நாள் இருப்புக்கொள்ளாமல் அலைந்தேன். அவன் செத்து இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது.

பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிற என் மகள், வியாழக்கிழமை லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக் குசினியில் தோசை தின்றபடி அவன் கதையைச் சொன்னாள். அவனைக் கொன்றது எதிரிகள் அல்ல, சொந்த மெய்க்காவல் படை. அதில் ஒரு அதிகாரிக்குக் குரல் மெல்லியது. காவலுக்கான அன்றைய இரகசியச் சொல்லைக் கேட்டு அவர் வரும்போதெல்லாம், சக்கரவர்த்தி வேண்டுமென்றே அவருடைய ஆண்மையைக் கேலி செய்யும் சொல்லாகக் கொடுப்பானாம். அதை அவர் மற்றக் காவலர்களிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் முதல் வெட்டு அவருடையது.

"அவனுக்கு அது வேணும், அப்பா" என்றாள் மகள். எனக்குத் தோசை இறங்கவில்லை.

நான் எங்கள் கோயிலின் தலைவர், ஒன்பது வருடமாக. தேரன்று கவுன்சில் வீதியை மூடித் தரும். சனத்தை ஒழுங்குபடுத்த மஞ்சள் சட்டை போட்ட முப்பது தொண்டர்கள் நிற்பார்கள். ஆளுக்கொரு வோக்கி டோக்கி, ஆளுக்கொரு கூப்பிடும் பெயர். பெயர் வைப்பது தலைவர், அதாவது நான். தொண்டர்களின் பொறுப்பாளர் பக்கத்து ஊரான குட்மேய்ஸில் இருப்பவர், என்னைவிட இளையவர், கீச்சுக்குரல்காரர். அவருக்கு நான் வைத்த பெயர் 'அக்கா'. "அக்கா, கொஞ்சம் தேரடிக்கு வாங்கோ" என்பேன். முப்பது பேரும் சிரிப்பார்கள். அவரும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தை நான் எப்போது பார்த்தேன்?

ஞாயிறு பொதுக்கூட்டம், தலைவர் தெரிவு. இந்த முறை எனக்குப் போட்டி இருந்தது. பொறுப்பாளர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ, தொண்டர்களும் அந்தப் பக்கம்தான். பதவியில் ஆசையில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஆள் நான். பச்சைப் பொய். அந்த மாலையும் முதல் மரியாதையும் எனக்கு வேண்டும்.

வெள்ளி போன் அடித்தேன், எடுக்கவில்லை. சனி குட்மேய்ஸுக்கு நடந்தே போனேன். ஷிப்டுக்குப் போய்விட்டார் என்றார் அவர் மனைவி. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். உட்காரவே முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

ஞாயிறு மண்டப வாசலில் அங்கத்தவர் அட்டை பார்த்துக்கொண்டு நின்ற பொறுப்பாளரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனேன்.

"தம்பி, நான் கூப்பிடுற அந்தப் பெயர், உங்களுக்கு ஏதும் மனவருத்தமோ?"

"யோசியாதேங்கோ அண்ணை, எங்கட ஆக்கள் எல்லாரும் உங்களுக்குத்தான் கை தூக்குவினம்."

போன உயிர் திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்பது அதோடு மறந்துபோனது.

வென்றேன். மாலை போட்டார்கள். பிறகு பூசை. முடிவில் பஞ்சபுராணம் பாட ஐயர் ஆள் தேடினார். முன்பெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பாடியவர் பொறுப்பாளர்தான். அந்தக் குரல் தேவாரத்தில் ஏறும்போது சனம் கண்ணைத் துடைக்கும். ஷிப்ட் கூடிப்போனதால் விட்டுவிட்டார் என்று நானே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

"தம்பி, இண்டைக்கு நீங்கள் பாடுங்கோவன்" என்றேன், கழுத்தில் மாலையோடு.

அவர் சனத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஏலாது அண்ணை" என்றார். "நான் வாய் திறந்தால் சிரிப்பினம்."