அக்காவின் வெள்ளைப் படம்

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இறந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அக்கா தன் படிப்பை நிறுத்திவிட்டு பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தங்கச்சி படிச்சு முடிக்கட்டும்" என்றே சொல்லி அனுப்பினாள். நான் படித்து முடித்தபோது கேட்டு வர யாரும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, கடலுக்கு அந்தப் பக்கம் தீவுக்கு வந்துவிட்டேன். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை, அலுவலகச் செலவில் பெண்களுக்கு மாமோகிராம் எடுத்தார்கள். டாக்டரம்மா என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்களுக்கு மார்புத் திசு ரொம்ப அடர்த்தி. படம் முழுக்க வெள்ளையா இருக்கு. கட்டி இருந்தாலும் வெள்ளையாத்தான் தெரியும், பிரிச்சுப் பார்க்க முடியாது. ஸ்கேனும் எடுத்துருவோம்லா."

பக்கத்து அறையிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

அதே வருடம் அக்காவும் பட்டர்வொர்த்தில் ஒரு சங்கம் நடத்திய இலவசச் சோதனைக்குப் போனாள். "ஒன்னும் இல்லன்னுட்டாங்க" என்று போனில் சொன்னாள். நல்லதாகப் போயிற்று என்றேன். அவள் படமும் வெள்ளையா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த தைப்பூசம் முடிந்த வாரம், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி அவள் கைக்குத் தட்டுப்பட்டது. பெர்ரிப் படகில் கடலைக் கடந்து போய் அவளைத் தீவுக்கு அழைத்து வந்தேன். அதே டாக்டரம்மா அவளுடைய பழைய படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுவும் உங்களுது மாதிரியேதான். அப்பவே இருந்திருக்கலாம். இந்தப் படத்துல சொல்ல முடியாது."

"ஏன் டாக்டர் இப்படி?"

"பல காரணம் இருக்கு. ஒல்லியானவங்க, பிள்ளை பெறாதவங்க, இவங்களுக்கு அடர்த்தி கூடுதலா இருக்கிறது சகஜம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா தலையாட்டிக்கொண்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ஏன் பிள்ளை பெறவில்லை என்று அந்த அறையில் எனக்குத்தான் தெரியும்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"பிள்ளைங்க எத்தனக்கா?"

"ஒன்னு" என்றாள் அக்கா, என்னைக் காட்டி. நர்ஸ் சிரித்தாள். நான் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏறியபோது முடியெல்லாம் கொட்டியது. என் வீட்டில் தங்கச் சொன்னேன். "உனக்கு எதுக்குலா தொந்தரவு" என்று சில வாரங்களிலேயே கிளம்பிவிட்டாள். பிழைத்துக்கொண்டாள், மறுபடி ஆலைக்கும் போனாள். இப்போது வருடா வருடம் நானே அழைத்துப் போய் இரண்டு சோதனையும் எடுக்க வைக்கிறேன். அவளுக்கு அதில் சந்தோஷம், பெர்ரியில் போக வர, நாள் முழுக்கத் தங்கையோடு பேசலாம் என்று. நான் பாதிப் பேச்சைக் கேட்பதில்லை. அவள் சட்டையின் இடது பக்கம் காற்றில் தட்டையாக ஒட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.