போதும் என்ற பிறகு பத்து

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபது. ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் மூன்றாவது கவுன்டரில் ஒருவருடைய கண் பரிசோதனைச் சான்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறை இயக்குநர். என் அக்கா கருவி அறையில் மயங்கி விழுந்துவிட்டதாக முதல் வாக்கியத்தில் சொன்னார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது என்று இரண்டாவதில் சொன்னார். மூன்றாவது வாக்கியம் இது: "இந்த நேரத்துல கேக்கறது தப்புதாம்மா, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் வீட்லதானே இருக்கு?"

"தேடிப் பாக்கறேன் சார்" என்றேன். அக்காவும் அவருக்கு நாலு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். டிஸ்க் எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் அது தெரியும்.

அக்கா இயற்பியல் பட்டதாரி. பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை புரொஜெக்டர் இயக்குவது. கழித்துக்கட்டி மூலையில் போட்டிருந்த இரண்டு கேமராக்களைத் தானே பிரித்துச் சரிசெய்தாள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மூடிக் கிடந்த சலவைக் கூடம் ஒன்று இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை நடத்த அனுமதி கேட்டு ஏழு மனுக்கள் எழுதினாள். ஏழாவதற்குப் பதில் வந்தது. முதல் ஞாயிறு இரண்டே பேர். ஒருவர் பேருந்து நடத்துநர். எல்லோரும் அவரை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னொருவர் பள்ளிச் சீருடை தைக்கும் தையலம்மா. ஒரு வருடத்தில் நாற்காலி போதவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரே ஒரு கட்டாய விதி உண்டு. ஒரு காட்சி முடிந்ததும் அக்கா "போதும்" என்பாள். அதைக் கேட்டுக் கேமராவை நிறுத்தக் கூடாது. மனதுக்குள் பத்து எண்ணிய பிறகே நிறுத்த வேண்டும்.

"ஏம்மா, அதான் போதும்னுட்டியே, இன்னும் எதுக்கு ஓடுது? பேட்டரி தண்டம்தானே?" என்று தையலம்மா முதல் நாளே கேட்டார்.

"போதும்னதும் உங்க மூஞ்சி எப்படி மாறுச்சு பாருங்க. அதுவரைக்கும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருந்தீங்க."

"என் மூஞ்சி எப்பவும் ஒரே மாதிரிதான்" என்றார் விசில். "சில்லறை இல்லாதவன் நோட்டை நீட்டினா மட்டும் கொஞ்சம் மாறும்."

ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் தான் வாங்கிய பாராட்டுப் பத்திரங்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அக்கா "போதும்" என்றதும் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்து, "வண்டியை விட்டு எறங்கி மூணு வருஷமாச்சு, கை இன்னும் அதிருது" என்றார். அந்தப் பத்து விநாடிதான் படமானது.

அப்போதுதான் தொடர்பியல் பேராசிரியர் ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தார். என்னைத் தொலைபேசியில் அழைத்த இயக்குநர்தான் அவர். எங்கே எது கூடினாலும் பேச எழுந்துவிடுவார் என்பதால் விசில் அவருக்கு மைக் என்று பெயர் வைத்தார். "இதை ஒரு பட்டப்படிப்பாவே ஆக்கலாம். நீங்க எழுதுங்க, நான் மேல பேசறேன்" என்று அவர் அக்காவிடம் சொன்னார். இரண்டு வருடம் எங்கள் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. பாதிப் பாடம் வகுப்பில், பாதி ஊர் மக்களோடு பட்டறையில் என்று அக்கா எழுதினாள். ஊர்க்காரர் ஒருவர் எடுக்கும் படத்துக்குக் கேபிள் சுமக்காத மாணவருக்குக் கேமரா கிடையாது என்றும் எழுதினாள்.

படிப்புக்கு அனுமதி கிடைத்தது. பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் அவருடைய பெயர் இருந்தது. அக்காவுக்கு முதுகலைப் பட்டம் இல்லாததால் வகுப்பெடுக்க முடியாது என்றார்கள். கருவி அறைக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அடுத்த வருடம் பாதுகாப்புக் காரணம் காட்டி ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையை நிறுத்தினார்கள். தையலம்மாவை வாசற்காவலர் உள்ளே விடவில்லை. ஆனால் மாணவர் சேர்க்கைக்கு அடித்த புத்தகத்தின் அட்டையில் தையலம்மாதான் சிரித்துக்கொண்டிருந்தார். அது போதாதென்று மைக், பத்து எண்ணும் முறையைத் தன் கண்டுபிடிப்பாகக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அதைத்தான் நடத்தினார்.

நான் கொதித்துப்போய் ஒருநாள் அக்காவைப் பிடித்து உலுக்கினேன். அவள் எழுந்து போய் டிஸ்க்கை எடுத்துவந்து கணினியில் செருகினாள். அனுமதி கிடைத்த வாரத்தில் விளம்பரத்துக்காக மைக்கை அவள் எடுத்த பேட்டி. படிப்பு தன் மனதில் எப்படி உதித்தது என்று அவர் கண்கலங்கச் சொல்லி முடிக்கிறார். "போதும்" என்று அக்காவின் குரல். உடனே அவர் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் நிற்கும் பதிவாளரிடம் பேசுகிறார்: "பாடத்திட்டம் பூரா அந்தப் பொம்பளை எழுதினதுதான் சார். கேபிள் சுருட்டறவ பேரைப் போட்டா யாரு மதிப்பா? டிகிரி ஆரம்பிச்சுடட்டும், அந்தக் கூட்டத்தையும் கேட்டுக்கு வெளியில நிறுத்திடலாம்."

ஊருக்கெல்லாம் அந்த விதியைப் போதித்தவர், ஒருநாளாவது கேமராவுக்குப் பின்னால் நின்று எண்ணியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

"இதைக் கேட்டுட்டும் நீ எண்ணிட்டிருந்தியா?"

"பத்து வரைக்கும்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் காட்டல?"

"இப்பக் காட்டினா படிப்பையே மூடிடுவாங்கடி. சேர்ந்த பிள்ளைங்க நடுத்தெருவுல நிப்பாங்க. இருக்கட்டும். ஒருநாள் அவரே வந்து கேட்டு வாங்கிட்டுப் போவாரு."

அக்கா பெருந்தன்மையாக மன்னித்துவிட்டாள் என்று அவள் உடலருகே நின்று பலர் சொன்னார்கள். அவள் மன்னிக்கவில்லை. தள்ளிப்போட்டாள், ஒன்பது வருடம். இப்போது படிப்பை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. ஊர் மக்களுக்கான பட்டறைகள் நடந்ததற்கு அது ஆதாரம் கேட்டிருந்தது. ஆதாரமெல்லாம் அந்த டிஸ்க்கில்தான். குழு வரும் நாள் நெருங்கட்டும் என்றுதான் அக்கா 'தேடிப் பாக்கறேன்' என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் அந்த மூன்றாவது வாக்கியம்.

ஐந்தாம் நாள் அதைத் துணியில் சுற்றி அவர் அறைக்கு எடுத்துப்போனேன். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"குழு நாளன்னைக்கு வருதும்மா. அன்னைக்கே உங்க அக்காவுக்கு ஒரு நினைவுக் கூட்டமும் வச்சிடலாம்."

"நல்லது சார். எந்தப் படத்துக்கு அப்புறம் எதுன்னு எழுதி வச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அக்கா வச்சிருந்தபடியே ஓட்டணும், எதையும் வெட்டக் கூடாது."

"சேச்சே, அதுதாம்மா அவங்களுக்கு நாம செய்யற மரியாதை."

"கடைசியில உங்க பேட்டி இருக்கு சார்."

அவர் முகம் மலர்ந்தது. அதை அவர் போட்டுப் பார்த்தாலும் முடிவுவரை பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தன்னை எடுத்த படத்தைத் தவிர எதையும் அவர் பார்ப்பதில்லை, அதிலும் தன் பேச்சு முடிந்ததும் எழுந்துவிடுவார் என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

நினைவுக் கூட்டம் என்பதால் வாசற்காவலர் யாரையும் தடுக்கவில்லை. விசில், தையலம்மா, இன்னும் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களை முன்வரிசையில், குழுவினருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஓட்டுநரின் கைகள் வந்துபோயின. இப்போது உயிரோடு இல்லாத சிலரும் திரையில் வந்துபோனார்கள். தையலம்மா என் புறங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பேட்டி. மைக் தன் குரலுக்குத் தானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அரங்கில் அக்காவின் குரல் கேட்டது. "போதும்."

பழக்கம் விடுமா? முன்வரிசையில் உதடுகள் அசைந்தன. விசில் வாய்விட்டே எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு." 'பொம்பளை' என்ற சொல் வந்தபோது மூன்று. மைக் பாதி எழுந்து, நிறுத்தச் சொல்லிப் பின்பக்கம் கை காட்டினார். படத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள் இறுதியாண்டு மாணவி. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தும்போது ஒன்பது. பத்தில் தானாக இருண்டது.

"டிக்கெட் எடுத்த ஸ்டாப் வந்தாச்சு. எறங்குங்க சார்" என்றார் விசில். சிரித்தது தையலம்மா மட்டும்தான். குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார்: "பாடத்திட்டத்தை எழுதினது யாரு?" மைக் பேச வாய் திறந்தார். ஒரு கூட்டத்தில் பேச்சு வராமல் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கண் இமைக்காமல் பார்த்தேன்.

கூட்டம் முடிந்த நாலாம் நாள் மைக் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"பதினாறு வருஷ சர்வீஸும்மா. கட்டாய விடுப்புல போகச் சொல்லிட்டாங்க. உங்க அக்கா இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க."

"அவதான் சார் செஞ்சா. நான் கொண்டுவந்து குடுத்தேன், அவ்வளவுதான்."

"என் பொண்ணு அதே துறையில படிக்கிறா."

அந்தப் பெண்ணுக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம் வந்தது. அவருக்காக வரவில்லை, இன்றுவரை வரவில்லை. கதவைச் சாத்திய பிறகு அவர் படியிறங்கும் சத்தத்தை, கடைசிப் படிவரை நின்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையைத் திரும்பத் தொடங்கப்போவதாகப் பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. பாடத்திட்டம் அக்காவின் பெயரில் மறுபடி அச்சாகிறதாம். பிழை பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று அச்சுப்படியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் பக்கத்தில் இன்னும் மைக்கின் பெயர்தான் மேலே இருக்கிறது. கீழே அக்காவின் பெயரும், அதன் பக்கத்தில் 'உதவியுடன்' என்ற சொல்லும். அவர் பெயரையும் அந்தச் சொல்லையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது. இன்னும் நாற்பத்தொரு பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.