பஸ் மேல ஏறி வந்த தென்னங்கீத்து

நேத்து கோயமுத்தூர் மண்டபத்துல பேத்தி முறைப் பொண்ணோட சீருக்குப் போனப்ப, வாசல்ல பச்சைத் தென்னங்கீத்து வாசம் அடிச்சதும் அப்படியே நின்னுபோட்டேன்.

வால்பாறை எஸ்டேட் லைன் ஊட்டுல நான் வயசுக்கு வந்தப்ப, என்னைத் தனியா உக்கார வெக்கத் தென்னங்கீத்துல குச்சு கட்ட வேண்டிய தாய்மாமன், காயிதம் போட்டும் காங்கேயத்துல இருந்து வரலைங்க. மழையும் தேயிலை வாசமுமா கிடந்த அந்த மலையில தென்னைமரம் ஏது? பக்கத்து ஊட்டு மலையாளத்துக்காரர் பரீது காக்காதான் பொள்ளாச்சிக்கு இறங்கி, பஸ் மேல கீத்தைக் கட்டி, வளைவெல்லாம் சுத்திக் கொண்டுவந்து, அம்மா சொல்லச் சொல்லக் குச்சு கட்டினார்.

மறுநாள் மாமன் சீர்த்தட்டோட வந்து நின்னார்.

"ஏனுங்க அக்கா, நான் செத்தா போயிட்டேன்?"

"நான் பிரிச்சுப் போடறனுங்க, நீங்களே கட்டுங்க," ன்னார் காக்கா.

மாமன் தட்டை மழையில வெச்சுப்போட்டு, வந்த பஸ்லயே மலை இறங்கிப் போயிட்டார். கீத்து இடுக்குல நான் பாத்துட்டே இருந்தேன். சடங்கு முடியறப்ப குச்சை மாமன்தான் கொளுத்தணும். கடைசி நாள் காக்கா தீப்பெட்டியைத் தொட மாட்டேன்னுட்டார். அம்மாவே கொளுத்தினாங்க. ஈரக் கீத்து எரியாம, லைன் பூராவும் புகைஞ்சுது. சாகற வரைக்கும் அம்மா பொறந்த ஊட்டு வாசலை மிதிக்கலை. அந்த லைனும் இப்ப இல்லை, இடிச்சு தேயிலை நட்டுட்டாங்க.

நேத்து மண்டபத்துல குச்சு கட்டினது டெக்கரேசன் கடைக்காரர். அந்தப் பொண்ணோட மாமன் அது முன்னால சிரிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டார். ஒருத்தரும் கோவிச்சுக்கலைங்க.