மிசூரியில் நிறுத்தாத கார்

என் மனைவியின் கண்பார்வை மெல்ல மங்கி வருகிறது, இனித் தடுக்க முடியாது என்று மொன்றியால் டொக்டர் சொன்ன அன்று, அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அமெரிக்காவில அந்தப் பழைய ரூட் 66 ரோட்டு இருக்கெல்லோ, அதில என்னை ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ."

இருபது வருடமாக லொறி ஓட்டுபவன் நான். சிக்காகோவிலிருந்து கலிபோர்னியா நோக்கி, ஏதோ சரக்கு இறக்கப் போவதுபோலக் காரை விரட்டினேன். மிசூரியில் ஒரு சிற்றூரைக் கடக்கும்போது அவள் யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. அந்த வீட்டு முற்றத்தில ஒரு கிழவனும் கிழவியும் கைகோத்து ஆடிக்கொண்டு நிக்கினம்."

"திரும்பி வரேக்க பாப்பம். நேரம் போகுது" என்றேன்.

திரும்பும்போது வேகமான பெருந்தெருவால் வந்துவிட்டோம்.

இப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். போன மாதம், மொன்றியாலுக்குப் பக்கத்தில் லவாலில் இருக்கும் எங்கள் வீட்டில் தேநீர் குடிக்கும்போது கேட்டாள். "அந்தக் கிழவி என்ன நிறத்தில சட்டை போட்டிருந்தவ? எனக்கு மறந்துபோச்சு."

சிவப்பு என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நான் பாக்கேல்லையப்பா."

அவள் கோபிக்கவில்லை. "ஓம், நீங்கள் ரோட்டைத்தானே பாத்தனீங்கள்" என்றாள்.

ஒரு காட்சியை இரண்டு பேர் பார்த்திருந்தால், ஒருவர் மறந்தாலும் மற்றவரிடம் அது இருக்கும். அன்று ஐந்து நிமிடம் அவளருகில் இறங்கி நின்றிருக்கலாம் என்று, காணாத அந்த முற்றத்தை நினைத்து இன்றும் ஏங்குகிறேன்.