துவைகல்லுக்கு மேலே ஒரு மூச்சு

சீனாவின் சிங்செங் மலையிலுள்ள தாவோ பெண் துறவிகள் மடத்தில், பயிற்சியில் யார் எவ்வளவு தூரம் தேறியிருக்கிறார்கள் என்பது துணி துவைக்கும் குய்லானுக்குத்தான் முதலில் தெரியும். மூச்சை அடக்கி, உடம்பின் சத்தை உள்ளேயே காய்ச்சி வடிப்பவளுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். சிவப்பு நாகத்தை வெட்டிவிட்டாள் என்பார்கள். அவளுடைய கறைத்துணி அதன்பின் கூடைக்கு வராது. இருபத்தாறு வருடமாகத் துவைத்தும் குய்லான் ஒரு பெயரைக்கூட வெளியே சொன்னதில்லை.

வயது கடந்து பயிற்சியில் இறங்குகிறவளுக்குப் பாதை இன்னும் கடினம். நின்றுபோன உதிரத்தை முதலில் திரும்ப வரவழைக்க வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். மடத்தின் தலைவி மியாவ்ஜிங்குக்கு எழுபத்தொரு வயது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவருடைய துணி சிவந்து வந்தது.

வைத்தியரைக் கூப்பிட வேண்டும் என்றாள் இளைய துறவி ஷூயி. கர்ப்பப்பைக் கட்டியாக இருந்தால் தலைவி குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று பயந்தாள். மருந்து உள்ளே போனால் சேர்த்த சத்தெல்லாம் கலைந்துவிடும் என்று தலைவி மறுத்தார். கடைசியில் இருவரும் துவைகல்லுக்கு இறங்கி வந்தார்கள். குய்லானின் அம்மா அப்படி இரத்தம் போய்த்தான் செத்தாள். அந்த நோயின் வாடை அவளுக்கு மறக்காது.

"மோந்து பாத்துச் சொல்லுடி. நான் கெழவிங்கறதுக்காகப் பூ வாசம் அடிக்குதுன்னு புளுகாத," என்றார் தலைவி.

குய்லான் முகர்ந்தாள். நனைந்த இரும்பின் வாடை. அதற்கடியில் வேறு ஏதாவது இருந்ததா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"நோய் இல்லீங்க தாயே."

சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. துவைகல்லுக்கு நேர் மேலே தலைவியின் சன்னல். காலையில் அவர் தியானத்தில் அமரும் நேரம்தான் இவள் துவைக்கும் நேரமும். உயிர் இருக்கிறதா என்று காதைக் கொடுத்தபடியே வேலை செய்தாள். மேலே மூச்சு உள்ளே போகும்போது துவைக்கும் கட்டையை ஓங்குவாள், வெளியே வரும்போது அடிப்பாள். நாளாக ஆக மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டது; அதோடு அவளுடைய மூச்சும் நீண்டது. தூங்கிக்கொண்டே துவைக்கிறாளா என்று சமையற்காரி கேலி செய்தாள்.

அதிலிருந்து நான்காம் மாதம் தலைவியின் துணி வெள்ளையாக வந்தது. அவருடைய நரைமுடி வேரில் கறுத்திருந்தது. துறவிகள் ஊதுபத்தி ஏற்றி வணங்கினார்கள். குய்லான் அன்று ஊறுகாயோடு இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் தன் துணியிலேயே கறையைப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்பே நின்றுபோனது அது. முகர்ந்தாள். அதே நனைந்த இரும்பு.

துவைகல்லுக்குப் போய்க் கட்டையை ஓங்கியவள், இதை யாரிடம் சொல்வது என்று யோசித்து அப்படியே நின்றுவிட்டாள். மேலே மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. ஓங்கிய கை கடுத்தது. சன்னலுக்குள் ஷூயியின் குரல் கேட்டது.

"தாயே... தாயே, கண்ணத் தெறங்க."

குய்லான் கட்டையை இறக்கினாள். மூச்சு வந்தது.

புத்தாண்டுக்கு வீட்டுக்கு வரச்சொல்லி மகள் ஆள் அனுப்பியும் குய்லான் போகவில்லை. துணி ஒன்றும் இல்லாத நாட்களிலும், தலைவி அமரும் நேரத்துக்குச் சரியாக வந்து, பனி படிந்த வெறும் கல்லை அடித்தாள்.