மாடிக்கு ஏறி வந்த தெரு

தோஹாவில் தளபாடக் கடையொன்றில் வேலை செய்த என் கணவர், ஊருக்குத் திரும்பும்போது எங்கள் மொட்டை மாடிக்கென்றே ஒரு செற்றித் தொகுதியைக் கப்பலில் அனுப்பினார். பிரம்பைப் போலப் பின்னிய சாம்பல் நிற இருக்கைகள், மழைக்கு ஊறாத வெள்ளை மெத்தைகள், காலை நீட்டிப் படுக்க அலுமினியச் சட்டத்தில் ஒரு நீள்கதிரை. சாய்ந்தமருதில் எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

நான் மட்டும் அவற்றில் உட்காரவில்லை. மாடியில் நின்றால் கடல் தெரியும். சுனாமியில் என் உம்மா போனபோது நான் சின்னப் பிள்ளை. அதன்பிறகு கடல் இருக்கும் பக்கம் என் கழுத்து திரும்புவதில்லை. உடுப்புக் காயப்போடும்போதுகூட ரோட்டைப் பார்த்தபடிதான் நிற்பேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு அவர் கடற்கரைப் பள்ளிக்குப் போயிருந்தார். நான் மெத்தைகளில் படிந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். கீழே யாரோ கத்தினார்கள்.

"கடல் வருகுதாம்! ஓடுங்க!"

அவருக்குப் போன் எடுத்தேன். மணியே போகவில்லை. எங்கள் தெருவில் மாடி இருப்பது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான். கேட்டைத் தள்ளிக்கொண்டு சனம் படியேறி வந்தது. சேறு பட்ட கால்களோடு வெள்ளை மெத்தைகளில் ஏறி நின்றார்கள். சிலர் சத்தமாகக் கலிமா சொன்னார்கள். எனக்கு அவர் கடற்கரையில் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அடுத்த வீட்டுப் பெண் நிறைமாதக்காரி. படியேறி வந்தவள் நீள்கதிரையில் சரிந்து என் கையைப் பிடித்தாள்.

"ராத்தா, வகுறு நோகுது. தண்ணி உடைஞ்சிட்டு."

"இவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றேன்.

"கீழ எறங்கினா எல்லாரும் மௌத்துத்தான்" என்றார் ஒரு பெரியவர். ஒருவரும் அசையவில்லை. சுவரோரம் போய்க் கடலைப் பார்த்துச் சொல்லவும் ஆளில்லை.

அவள் அலறினாள். நான் கையை உதறிக்கொண்டு சுவரருகே போனேன். கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன். திறந்து பார்த்தபோது கடல் அதன் இடத்தில் கிடந்தது. வள்ளங்கள் மணலில் இருந்தன. இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உம்மா போன அன்றைக்கும் அது முதலில் இப்படித்தானே கிடந்தது.

"கடல் வரல்ல. தூக்குங்க!" என்று சனத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவளைக் கதிரையோடு நாலு பேர் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் சட்டம் சுவரில் இறுகி நின்றுவிட்டது. கீழே தெருவில் மறுபடி ஓட்டமும் கூச்சலும் கேட்டன. தலைமாட்டைப் பிடித்திருந்தவர் கைவிடப் பார்த்தார்.

"உட்டுடாதீங்க காக்கா, அல்லாஹ்வுக்காக!" என்று கத்தினேன். சட்டத்தைச் சரித்து இழுத்தோம். கதிரையின் ஒரு கால் வளைந்து, அது விடுபட்டது.

கேட்டடியில் என் கணவர் மூச்சிரைக்க நின்றார்.

"ஒண்டுமில்ல. ஆரோ கிளப்பிவிட்ட கதை. கடல் அப்படியே கிடக்குது."

எனக்கு அழக்கூட நேரமில்லை. வந்த ஓட்டோவை அவர் மறித்தார். நான் அவளோடு ஏறினேன்.

பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையுமில்லை. அவளுடைய உம்மா குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"முதல்ல நீங்க தூக்குங்க மகள்."

"கொஞ்சம் குந்திட்டு வாங்குறன்" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.